மூக்குக்குப் பத்து மார்க்

மார்ச் 2, ஞாயிறு

பிரெட் எழும்பியது. எட்டு மாதத்தில் மூன்றாவது முறை. மற்ற நாட்களில், கடைசி பெஞ்சுக்காரனிடம் கேள்வி கேட்டதுபோல லேசாக ஓர் அசைவு காட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடும்.

பள்ளியிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது மாதம் ஆகிறது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு முப்பத்து நான்கு வருடம் அறிவியல் நடத்தினேன். தினமும் பாடக்குறிப்பு எழுதிப் பழகிய கை சும்மா இருக்க மறுக்கிறது. அதனால் இந்த நோட்டு. இதை யாரும் வாங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடப் போவதில்லை என்பதால், உண்மையையும் எழுதலாம் என்ற வசதி இருக்கிறது.

பிரெட்டுக்கான புளிப்பு மாவை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்திருக்கிறேன். அதற்கு எட்டு-பி என்று பெயர். நான் பக்கத்தில் இருந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருக்கும். ஐந்து நிமிடம் வெளியே போனால் பொங்கி மேடையெல்லாம் வழியும். நான் நடத்திய எட்டு-பி வகுப்பும் அப்படித்தான் இருந்தது.

மதியம் மத்தி மீனைக் கீறி, உப்பும் எலுமிச்சையும் தடவி, ஓவனில் சுட்டு, பிரெட் துண்டின் மேல் வைத்துக் கொடுத்தேன். எண்ணெய் இறங்கிப் பிரெட் ஊறியிருந்தது.

"பிரமாதம்" என்றார் இவர்.

இந்தச் சொல்லின் மதிப்பை நான் எழுதி வைக்க வேண்டும். இவர் மீன் கம்பெனியில் தரம் பார்ப்பவர். படகிலிருந்து வரும் சரக்குக்கு மார்க் போட்டுச் சீட்டு ஒட்டுவது இவர் வேலை. கம்பெனியில் இவருக்குப் பெயரே மூக்கு சார்தான். ஐம்பத்தெட்டில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டு, வாசனை பார்க்க ஓர் இயந்திரம் வாங்கினார்கள். அது ரிப்பேர் ஆகிவிட்டது. இவர் ஆகவில்லை. திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஐந்து வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறார்.

கல்யாணமான மூன்றாம் நாள் என் அப்பா வீட்டு விருந்தில், எல்லோர் முன்னாலும், "இந்த மீன் முந்தாநாள் பிடிச்சது" என்று சொன்ன மனிதர். மாடிப்படி ஏறும்போதே, "வெங்காயம் ஒரு நிமிஷம் கூடுதலா வதங்கிடுச்சு" என்று குரல் கொடுப்பார். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து பிரமாதம். வயது மனிதரைப் பழுக்க வைக்கும் போலிருக்கிறது.

மார்ச் 5, புதன்

இறால், பூண்டு, வெண்ணெய். தொட்டுக்கொள்ளப் பிரெட். "அருமை" என்றார். மாதம் பிறந்து ஐந்து நாளில் நான்காவது அருமை. தலை கொஞ்சம் கனக்கிறது.

மார்ச் 8, சனி

கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ரவிக்கை அளவு கொடுக்கப் போனேன். போகும்போது ஓவனில் பிரெட். இவர் ஓவனுக்கு எதிரே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "வாசனை வந்ததும் அணைச்சிடுங்க" என்றேன். "சரி டீச்சர்" என்றார்.

திரும்பி வந்தபோது படியிலேயே தெரிந்துவிட்டது. ஓடி வந்து திறந்தால், நிலக்கரி. பாடப் புத்தகத்தில் 'கார்பன், எடுத்துக்காட்டு' என்று படம் போடலாம். இவர் மூன்றாம் பக்கத்திலிருந்து தலையைத் தூக்கி, "ஆச்சா?" என்றார்.

"என்ன ஆச்சா? கரிஞ்ச நாத்தம் கீழ வரைக்கும் வருது, உங்களுக்கு வரலையா?"

"படிச்சிக்கிட்டிருந்தேன்ல."

படிப்பில் இவ்வளவு கவனம் உள்ளவரை நான் என் பணிக்காலத்தில் சந்தித்ததே இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

காலையிலிருந்து யோசிக்கிறேன். ஒரு கேள்வி வந்துவிட்டால் அதைக் கையோடு முடிக்காமல் எனக்குச் சோறு இறங்காது.

போன மாதம் எட்டு-பி கெட்டுப்போய், மேலே இளஞ்சிவப்பாகப் படர்ந்து, மழையில் நனைந்த காலுறை போல நாறியது. மூடியைத் திறந்து இவரிடம் நீட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தார். நான் சாதாரணமாக இருந்தேன். "நல்லா இருக்கே" என்றார்.

வெங்காயத்தைப் பற்றிப் படியிலிருந்து குரல் வந்து எவ்வளவு நாள் ஆகிறது? ஞாபகமில்லை. போன ஏப்ரல் காய்ச்சலுக்கு முன்னாலா?

ஒரு பரிசோதனை செய்துவிட வேண்டியதுதான். முன்னறிவிப்பு இல்லாத தேர்வு.

மார்ச் 11, செவ்வாய்

செய்முறை: சனிக்கிழமை உரித்த இறாலின் ஓடுகள், ஒரு கைப்பிடி. சிறிய டப்பாவில் போட்டு, மூடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை. மூன்று நாள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே வெயில். இன்று மாலை இவர் நாற்காலிக்கு அடியில், துணி போட்டு மறைத்து வைத்தேன்.

உற்றுநோக்கல்: இவர் வந்தார். உட்கார்ந்தார். காப்பி குடித்தார். பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பாசத்தால் அல்ல. எதிர்வீட்டுப் பூனை பால்கனிக் கம்பி வழியாக வந்து நாற்காலியை மூன்று முறை சுற்றியது. இவர் அதைத் தடவிக் கொடுத்து, "என்னமோ இன்னிக்கு என் மேல இவ்வளவு பிரியம்" என்றார்.

நாற்பது நிமிடம் கழித்துத் தையல்காரம்மா ரவிக்கையோடு வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, வீட்டுல ஏதாவது செத்துப்போச்சா?"

அந்த நொடியில்தான் பார்த்தேன். இவர் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு மூக்கைச் சுருக்கினார். "அதானே, நானும் அப்பதேலருந்து சொல்றேன், ஏதோ வாடை அடிக்குதுன்னு" என்றார். எவ்வளவு நேர்த்தியாக! பக்கத்தில் இருப்பவன் விடைத்தாளை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, மேலே மின்விசிறியைப் பார்த்து யோசிப்பதுபோல் நடிப்பான் பாருங்கள், அதே நேர்த்தி.

முடிவு: மூக்கு சாருக்கு மூக்கு வேலை செய்யவில்லை.

மார்ச் 12, புதன்

டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தேன். இவர் மூடியிலிருந்த ஓட்டைகளை விரலால் தடவினார்.

"எப்பலருந்து?" என்றேன்.

"காய்ச்சல் வந்துச்சுல்ல. அதுக்கப்புறம்."

"பதினோரு மாசம்!"

"வாயில வச்சா உப்பு தெரியுது, காரம் தெரியுது, புளிப்பு தெரியுது. மத்ததெல்லாம் நனைஞ்ச பேப்பர். நீ தட்டுல வைக்கிறது மீனா, தலகாணியான்னு கண்ணாலதான் கண்டுபிடிக்கிறேன்."

எனக்கு முதலில் வந்தது இரக்கம் என்று எழுதினால் அது பொய். முதலில் வந்தது கோபம். ஜூலையிலிருந்து நான் சுட்ட பிரெட்டெல்லாம்? அத்தனை பிரமாதம், அத்தனை அருமை? எட்டு மாதமாக விடைத்தாளைத் திறக்காமலேயே நூற்றுக்கு நூறு போட்டிருக்கிறார்!

"அப்ப என் பிரெட் நல்லாவே இல்லையா?"

"எனக்கெப்படித் தெரியும்?"

நேராகக் கீழே போனேன். வாரம் தவறாமல் பாதி பிரெட் வாங்கிக்கொள்பவள் தையல்காரம்மா.

"என் பிரெட் எப்படி இருக்கு? உண்மையைச் சொல்லு."

தையல் மிஷினை நிறுத்தினாள். "உண்மையையே சொல்லணுமாக்கா?"

"ஆமா."

"வேணாம்க்கா" என்று சொல்லிவிட்டு மறுபடி மிதித்தாள்.

மார்ச் 13, வியாழன்

கோபம் தணிந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. என் பிரெட் கிடக்கட்டும். கம்பெனியில் என்ன செய்கிறார்?

கேட்டேன். விளக்கினார். ஐந்து தலைப்பு: கண், செவுள், தோல், சதை, வாசனை. தலைக்குப் பத்து, மொத்தம் ஐம்பது. முழு மீன் என்றால் கண் குழி விழாமல் பளபளப்பாக இருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை திரும்புகிறதா என்று பார்த்தே சொல்லிவிடலாமாம். "மூக்குக்குப் பத்து மார்க்தான். மத்த நாற்பது என்கிட்ட இருக்குல்ல?"

ஆனால் உரித்த இறாலுக்கு ஏது கண்? வெட்டிப் போட்ட துண்டு மீனுக்கு ஏது செவுள்? அங்கே எல்லாமே மூக்குதான்.

"அதுக்கு என்ன செய்றீங்க?"

"பக்கத்துல ஐஸ் அள்ற ரெண்டு பேர் நிப்பாங்க. அவங்க மூஞ்சியைப் பார்ப்பேன்."

தலையில் கை வைத்துக்கொண்டேன். ஊருக்கே போகும் மீன் ஐஸ் அள்ளுகிறவர்களின் முகபாவத்தை நம்பிப் போய்க்கொண்டிருக்கிறது. அவர்களுக்குச் சளி பிடித்தால்? வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றால், நல்ல இறாலெல்லாம் குப்பைக்குப் போகுமா?

"மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா?"

முப்பத்தெட்டு வருடமாக ஊர் கூப்பிடும் பெயர் அது. மூக்கு சார். அதை எடுத்துவிட்டால் மிச்சம் வெறும் சார்தான். வெறும் டீச்சர் என்று முப்பத்து நான்கு வருடம் கேட்டுக் கேட்டு அலுத்தவள் நான், அதில் ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும். இவருக்குத் தெரியாது.

மார்ச் 14, வெள்ளி

சாயங்காலம் பையிலிருந்து நான்கு சின்ன எவர்சில்வர் டப்பாக்களை எடுத்து வைத்தார். மூடியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதியிருந்தது. உள்ளே ஐஸில் இரண்டிரண்டு இறால்.

"என்ன இது?"

"நாளைக்குக் காலையில சீட்டு ஒட்ட வேண்டிய சரக்கு. நீதான் பிரெட் பண்ணிப் பண்ணி மூக்கைத் தீட்டி வச்சிருக்கியே. சும்மா மோந்து பாரேன்."

மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னேனா? மூக்கைத் தீட்டி வைத்திருக்கிறேன் என்றவுடன் மூடியைத் திறந்துவிட்டேன். எட்டு மாதம் பொய்ப் பாராட்டில் வளர்ந்த தலைக்கனம் அவ்வளவு சீக்கிரம் இறங்குமா?

மார்ச் 18, செவ்வாய்

தினமும் டப்பா வருகிறது. இவருக்கு வாசனையின் பெயர்கள் எல்லாம் தெரியும், வாசனைதான் தெரியாது. எனக்கு வாசனை தெரிகிறது, பெயர் தெரியாது. அதனால் எடுத்துக்காட்டு சொல்கிறேன்.

"ஒண்ணு, அப்பதான் கழுவின சிலேட்டு."

"புதுசு. ஐம்பது."

"ரெண்டு, மழை நின்ன உடனே பள்ளிக்கூட மைதானம்."

"நாற்பத்தி நாலு."

"மூணு, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எட்டு-பி. பிள்ளைங்க இருந்த எட்டு-பி."

"அது வேணாம். திருப்பி அனுப்பிடலாம்."

சோதனை முடிந்ததும் நல்ல டப்பாவில் இருப்பதை அப்படியே வாணலியில் போட்டுவிடுவேன். வீட்டில் இவ்வளவு தரமான கடல் உணவு முன் எப்போதும் புழங்கியதில்லை. இன்று கணவாய் வளையம் வளையமாக நறுக்கி வறுத்து, நேற்றைய பிரெட்டைப் பொடித்துத் தூவினேன். இவர் சாப்பிட்டுவிட்டு வாய் திறந்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டார்.

மார்ச் 22, சனி

குளிக்கும்போது திடீரென்று உறைத்தது. இதற்குப் பெயர் பிட்டு கொடுப்பது. வெளியே இருந்து ஆள் விடை எழுதித் தருகிறது, உள்ளே இவர் தன் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறார். முப்பத்து நான்கு வருடத்தில் எத்தனை பேரை இதற்காக எழுப்பி வெளியே நிறுத்தியிருக்கிறேன்! செருப்புக்குள், பேனா மூடிக்குள், ஒருத்தி கொண்டைக்குள். எவர்சில்வர் டப்பா யாருக்கும் தோன்றவில்லை.

இவரிடம் சொன்னேன். "இது காப்பிங்க."

"விடை சரியா இருந்தாச் சரி" என்றார்.

இதையேதான் கொண்டைக்காரியும் சொன்னாள்.

மார்ச் 26, புதன்

காலையிலிருந்து தும்மல். மூக்கின் இடது பக்கம் முழு அடைப்பு, வலது பக்கம் முக்கால். சுக்கு கொதிக்க வைத்துக் குடித்தேன், காரம் மட்டும் தெரிந்தது.

மாலையில் நான்கு டப்பா. "நாலாவதை மட்டும் நல்லாப் பாரு. பள்ளிக்கூட விடுதிக்குப் போற சரக்கு" என்றார்.

திறந்தேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி மோந்தேன். ஐஸின் குளிர்ச்சி மட்டும் மூக்கில் ஏறியது. அடைத்திருக்கிறது என்று சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக எடுத்தேன். அவர் பென்சிலோடு காத்துக்கொண்டிருந்தார், என் மூக்கைத் தன் மூக்கு மாதிரி நம்பிக்கொண்டு.

"கழுவின சிலேட்டு" என்றேன். நிறம் நன்றாகத்தானே இருந்தது.

"நாற்பத்தி ஆறு போடலாமா?"

"போடுங்க."

மார்ச் 27, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலையில் பிரெட் அறுத்துக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு இவர் போனார். நான் பால் வைத்துவிட்டுப் பால்கனியில் துணி உலர்த்தினேன். அப்போது தையல்காரம்மா கீழேயிருந்து கத்திக்கொண்டே படியேறி வந்தாள்.

"அக்கா! கேஸ்! கேஸ் வாடை படி வரைக்கும் அடிக்குது! என்னக்கா பண்றீங்க?"

பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கேஸ் திறந்தபடியே இருந்தது. நான் அதைத் தாண்டி இரண்டு முறை வாளி தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அவள்தான் அடைத்தாள், ஜன்னலெல்லாம் திறந்தாள்.

"மூக்கு இல்லையாக்கா உங்களுக்கு?"

இல்லை. இல்லைதான். இல்லாத மூக்கால் நாற்பத்தி ஆறு மார்க் போட்டிருக்கிறேன் — யாருக்கு — விடுதிப் பிள்ளைகள் தட்டுக்கு. என்ன பொம்பளை நான்? வகுப்பில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட்டவள்தானே நான்?

இவருக்குப் போன் அடித்தேன். குளிர் அறைக்குள் போன் எடுக்காது. வீட்டுப் புடவையோடு, வேறு வேறு ஜோடிச் செருப்பைப் போட்டுக்கொண்டு, பஸ் பிடித்தேன். பஸ்ஸில் இருந்த நேரம் முழுக்க, சீட்டு ஒட்டி வண்டி ஏறியிருக்கும், ஏறியிருக்கும் என்றே ஓடியது.

கம்பெனி வாசலில் வண்டி நின்றிருந்தது. ஏற்றிவிட்டார்களா என்று காவலாளியைக் கேட்டால், மேனேஜர் அறையைக் கை காட்டினார். உள்ளே ஓடினேன். இவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கோட்டு மடித்து மேசை மேல் இருந்தது. எதிரே மேனேஜர். எங்கள் பெரிய மகள் வயதுதான் இருக்கும் அந்தத் தம்பிக்கு.

"தம்பி, அந்த நாலாவது சரக்கு, அது நான்தான்... எனக்குச் சளி, நான் பொய் சொல்லிட்டேன்..."

"உக்காருங்கம்மா" என்றார். "நீங்கதானா அந்த இன்னொரு மூக்கு?"

எனக்குப் புரியவில்லை. மேனேஜர் சொன்னார்: "சார் வந்ததும் வராததுமா என் முன்னாடி நின்னாரு. 'என் மூக்கு போய்ப் பதினோரு மாசமாச்சு. அதுக்குப் பதிலா வீட்டுல ஒண்ணு வேலை பார்த்துச்சு, அதுவும் இன்னிக்கு லீவு. நாலாவது சரக்குல சீட்டு ஒட்டாதீங்க'ன்னாரு. எனக்கு முதல்ல சார் விளையாடுறாருன்னுதான் தோணுச்சு."

நான் இவரைப் பார்த்தேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலையில பிரெட்டை அறுக்குறதுக்கு முன்னாடி மோந்து பார்த்தல்ல. எப்பவும் கண்ணை மூடிக்குவ. இன்னிக்கு என் மூஞ்சியைப் பார்த்த." ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். "பதினோரு மாசமா அது நான் பார்க்கிற பார்வைடி. எனக்கா தெரியாது? பஸ்ஸுல வரும்போது ஞாபகம் வந்துச்சு."

நாலாவது சரக்கின் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். மேனேஜர் ஓர் இறாலை எடுத்து மூக்குப் பக்கம் கொண்டு போனார், பாதி தூரத்திலேயே திருப்பிவிட்டார். ஐஸ் அள்ளுகிறவர்களில் ஒருவர் வெளியே போனார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஒன்றும் தெரியாமல் நின்றோம். அறுபது தாண்டிய இரண்டு பேர், பரீட்சை ஹாலில் பிடிபட்ட மாதிரி.

"இதுவரைக்கும் ஒரு புகாரும் வந்ததில்லையே தம்பி" என்றேன். என் வாய்தான் அப்படிச் சொன்னது, நம்ப முடியவில்லை.

"அதிர்ஷ்டத்துக்குச் சீட்டு ஒட்ட முடியாதும்மா" என்றார்.

இந்தப் பிள்ளைக்கு அறிவியல் எடுத்தவர் யாரோ, அவர் நன்றாக எடுத்திருக்கிறார்.

மார்ச் 28, வெள்ளி

வேலை போய்விட்டது. கோட்டையும் சீட்டுப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கிக்கொண்டார்களாம். போன வருடத்து ரெஜிஸ்டரை எல்லாம் எடுத்துச் சரிபார்க்கப் போகிறார்கள். இவர் வந்து எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒன்றும் சமைக்கவில்லை.

மார்ச் 31, திங்கள்

நான்கு நாளாக வீட்டில் இருக்கிறார். வாசனை போன மனிதர் பார்வையால் பழிவாங்குகிறார். பிரெட் கோணல். ஜன்னல் திரை கோணல். மேசையின் ஒரு கால் கட்டை. மீனை நான் கழுவும் முறை தப்பு, வயிற்றுப் பக்கம் கறுப்புத் தோல் இன்னும் ஒட்டியிருக்கிறது. எல்லாம் உண்மை என்பதுதான் எரிச்சல்.

மதியம் சமையலறைக்குள் ஏதோ உருட்டும் சத்தம். எட்டிப் பார்த்தேன். எட்டு-பியின் மூடியைத் திறந்து, பாட்டிலுக்குள் மூக்கை விட்டுக்கொண்டு நின்றிருந்தார். ரொம்ப நேரம். நான் ஓசைப்படாமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

ஒருவழியாக மூக்கு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இவ்வளவு நாள் போகாததற்குக் காரணம், போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்பது. இப்போதுதான் ஊருக்கே தெரியுமே.

டாக்டரம்மா உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: காய்ச்சலில் வாசனை நரம்பு அடிபட்டிருக்கிறது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இவ்வளவு நாள் ஆகிவிட்டதால் உறுதி சொல்ல முடியாது. மருந்து கிடையாது, பயிற்சி உண்டு. நான்கு வேறு வேறு வாசனைகள், காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஒவ்வொன்றையும் நிதானமாக மோந்து, அது என்ன என்று நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும். மாதக் கணக்கில்.

"வீட்டுப்பாடமா?" என்று கேட்டார் இவர், பரிதாபமாக.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "நீங்க டீச்சர்னு சொன்னீங்கல்ல? அப்ப நான் கவலைப்பட வேண்டாம்."

ஏப்ரல் 6, ஞாயிறு

நான்கு சின்னப் பாட்டில். எலுமிச்சைத் தோல், கிராம்பு, காப்பித்தூள், எட்டு-பி. வெளியே தெரியாதபடி கறுப்புக் காகிதம் சுற்றி, வருகைப் பதிவேடு மாதிரி ஒரு தாளில் கோடு போட்டு வைத்தேன்.

முதல் நாள், வெள்ளிக்கிழமை, நாலுக்கு நாலு! குதித்துவிட்டேன். மறுநாளும் நாலுக்கு நாலு. பெரியவளுக்குப் போன் போட்டு, "அப்பாவுக்கு மூக்கு வந்துடுச்சுடி" என்று சொல்லிவிட்டேன். அவள் அந்தப் பக்கம் அழுதேவிட்டாள்.

இன்று காலை சந்தேகம் வந்து கதவோரம் நின்று பார்த்தேன். ஒவ்வொரு பாட்டிலையும் காதருகே வைத்து ஆட்டுகிறார். கிராம்பு கடகட. காப்பித்தூள் சரசர. எட்டு-பி தளதள. சத்தமே வராதது எலுமிச்சைத் தோல்.

"வெளிய வாங்க" என்றேன். பழக்க தோஷம், கை வாசலைக் காட்டியது.

எழுந்து வந்தார். வாசலுக்கு வெளியே போய் நின்றும்விட்டார். எதிர்வீட்டுக்காரர் பூனையோடு படியிறங்கி வந்தவர், "என்ன சார், வெளிய நிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"காப்பி அடிச்சேன்" என்றார் இவர். அவர் உள்ளே காப்பி ரெடி என்று நினைத்து, "இப்பதான் குடிச்சேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன். அப்புறம் பெரியவளுக்கு மறுபடி போன் போட்டு, இல்லை என்று சொன்னேன். அது சிரிப்பாக இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

நான்கிலும் பஞ்சு வைத்து, அதில் சாற்றை ஊற்றிவிட்டேன். இனி எல்லாம் ஊமை.

இன்று எலுமிச்சையைக் கிராம்பு என்றார். கிராம்பை, என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான் எலுமிச்சை" என்றார். எட்டு-பியைக் காப்பி என்றார். நாலுக்குப் பூஜ்யம் போட்டேன். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஏப்ரல் 10, வியாழன்

இருவரும் சந்தைக்குப் போனோம். நான் மோந்து பார்க்க, இவர் கண்ணையும் செவுளையும் பார்த்து, விரலால் அழுத்தினார். ஒரே ஒரு சங்கராவுக்கு இவ்வளவு நேரமா என்று மீன்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"பொண்ணு பார்க்கவா வந்தீங்க ரெண்டு பேரும்? எடுக்குறதுன்னா எடுங்க."

"இது நல்ல மீன்மா" என்றார் இவர். "ஆனா நாற்பதுதான் என்னால சொல்ல முடியும். மிச்சப் பத்துக்கு இவளைக் கேளுங்க."

சந்தை நடுவில், உரத்த குரலில் சொன்னார். நான் மோந்தேன். கழுவின சிலேட்டு. பத்து என்றேன்.

பிரெட் மாவை இப்போது இவர்தான் பிசைகிறார். விரலால் அழுத்தினால் குழி எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்தே எப்போது ஓவனில் வைப்பது என்று சொல்லிவிடுகிறார். மீன் சதைக்குப் பார்ப்பதைப் போலத்தானாம். இன்று பாதி பிரெட்டைக் கீழே கொடுத்தேன். தையல்காரம்மா மிஷினை நிறுத்திவிட்டு ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டாள். "சார் பண்ணினதா?" என்றாள். தட்டை வாங்கிக்கொண்டு படியேறிவிட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மதியத்துக்கு, காலையில் வாங்கிய சங்கராவை முழுசாக ஓவனில் வைத்தோம். அது வேகும் நேரத்தில் பாட்டில்களை எடுத்து வந்தேன்.

முதல் பாட்டிலை மூக்கருகே கொண்டு போனார். என்னைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். இழுத்தார், விட்டார், மறுபடி இழுத்தார். நெற்றியில் ஒரு நரம்பு எழும்பியது. எவ்வளவு நேரம் என்று எண்ணவில்லை.

"தெரியல" என்றார்.

இரண்டாவது. "தெரியல."

மூன்றாவதில் கொஞ்சம் தயங்கினார். காப்பி என்று சொல்லியிருக்கலாம், நாலில் ஒன்று சரியாக வர வாய்ப்பு உண்டு என்று இவருக்குத் தெரியும். "ம்ஹும். தெரியல."

நாலாவது எட்டு-பி. அதற்கும் அதேதான்.

கண்ணைத் திறந்தபோது நான் தாளில் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தார்.

"நாலும் தெரியலன்னுதானே சொன்னேன்? எதுக்கு நாலுக்கும் டிக் போடுற?"

"தட்டை எடுத்து வைங்க" என்றேன். "மீன் ஆறுது."